ஜமாஅத் கடிதம், திருச்சபை ஆணை, ஊர்ப் பத்திரம்: இவை விவாகரத்து ஆகுமா?

குடும்பத்தில் விரிசல் விழுந்தால் நம் ஊரில் யாரும் முதலில் நீதிமன்றப் படி ஏறுவதில்லை. இஸ்லாமியக் குடும்பம் ஜமாஅத்தாரிடம் போகிறது. கத்தோலிக்கக் குடும்பம் பங்குத்தந்தையைப் பார்க்கிறது. மற்றவர்கள் ஊர்ப் பெரியவர்களையோ சாதிச் சங்கத்தாரையோ கூட்டுகிறார்கள். பேச்சு நடக்கிறது. நகையும் சீர்ப் பாத்திரங்களும் திரும்பக் கைமாறுகின்றன. கடைசியில் ஒரு காகிதம் எழுதப்பட்டு இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடுகின்றன. அன்றோடு அந்தத் திருமணம் தீர்ந்தது என்று எல்லாரும் நம்பி விடுகிறார்கள்.

அந்த நம்பிக்கைக்குச் சோதனை பல வருடம் கழித்துத்தான் வருகிறது. கணவர் இறந்த பிறகு குடும்ப ஓய்வூதியம் கேட்டு இரண்டு பெண்கள் விண்ணப்பிக்கும்போது வரும். வாரிசுச் சான்றிதழுக்காகத் தாசில்தார் அலுவலகத்தில் நிற்கும்போது வரும். பாஸ்போர்ட்டில் கணவர் பெயரை மாற்றப் போகும்போதோ, மறுமணம் செய்தவர் மீது முதல் மனைவி காவல் நிலையத்தில் புகார் கொடுக்கும்போதோ வரும். கையில் பத்திரமாக வைத்திருந்த காகிதம் சட்டத்தின் முன் செல்லாது என்பது அப்போதுதான் தெரிகிறது. பாதிக்கப்படுவது பெரும்பாலும் பெண்ணும் பிள்ளைகளும்தான்.

மதம் சொல்வதைக் கேட்டு நடப்பவர்களைக் குறை சொல்ல இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. மதத்துக்கும் நாட்டுச் சட்டத்துக்கும் ஒருசேரக் கடமைப்பட்ட மனிதர் இரண்டையும் எப்படிக் காப்பாற்றுவது, எந்த இடத்தில் எது முந்த வேண்டும் என்று தெளிவுபடுத்துவதே நோக்கம்.

மதம் எதைத் தீர்க்கும், நீதிமன்றம் எதைத் தீர்க்கும்?

ஒரு திருமணத்துக்குள் இரண்டு பிணைப்புகள் இருக்கின்றன. ஒன்று, கடவுள் முன்னும் உற்றார் முன்னும் கொடுத்த வாக்கு. மற்றொன்று, இன்னாருடைய கணவர், இன்னாருடைய மனைவி என்று சட்டம் அங்கீகரிக்கும் நிலை.

முதலாவதைப் பற்றி முடிவெடுக்க மத அமைப்புக்கு உரிமை உண்டு. ஆலயத்தில் மறுமணம் யாருக்கு நடத்தலாம், நற்கருணை யார் பெறலாம், எந்த நிக்காஹைத் தப்தர் என்னும் பள்ளிவாசல் பதிவேட்டில் எழுதலாம் என்பதை அந்தந்த மதத்தாரே தீர்மானிக்கிறார்கள். இரண்டாவது பிணைப்பு சட்டத்தின் கையில் இருக்கிறது. சொத்துரிமை, ஜீவனாம்சம், பிள்ளைகள் யாரிடம் வளர்வது, ஓய்வூதியம், மறுமணம் குற்றமா இல்லையா என எல்லாமே இந்தச் சட்ட நிலையைப் பொறுத்தவை.

இந்தியாவில் குடும்பச் சட்டமே பெரும்பாலும் மதத்தை ஒட்டித்தான் அமைந்திருக்கிறது. இஸ்லாமியர்களின் திருமண வழக்கில் நீதிபதி 1937-ஆம் ஆண்டு ஷரியத் சட்டத்தின்படி இஸ்லாமியச் சட்டத்தையே பொருத்திப் பார்க்கிறார். கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டமும் 1872-ஆம் ஆண்டு கிறிஸ்தவத் திருமணச் சட்டமும் இருக்கின்றன. இந்துக்களுக்கு 1955-ஆம் ஆண்டு திருமணச் சட்டம். ஆகவே நீதிமன்றத்துக்குப் போவதை மதத்தைக் கைவிடுவதாக நினைக்க வேண்டியதில்லை. இன்னார் இனி இன்னாருடைய மனைவி இல்லை என்று எல்லாரையும் கட்டுப்படுத்தும் விதத்தில் அறிவிக்கும் அதிகாரம் யாருக்கு என்பதுதான் கேள்வி. அந்த அதிகாரம் அரசு அமைத்த நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு என்று உச்ச நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றமும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன.

கிறிஸ்தவர்கள் அறிய வேண்டியது

கத்தோலிக்கத் திருச்சபையில் விவாகரத்து கிடையாது. திருமணம் நடந்த நேரத்திலேயே ஒப்புதலில் குறை இருந்தது என்று மறைமாவட்டத் தீர்ப்பாயம் விசாரித்துக் கண்டால், அந்தத் திருமணம் செல்லாது என்று அறிவிக்கும். கட்டாயப்படுத்தியது, ஏமாற்றியது, திருமணப் பொறுப்பை ஏற்கும் மனநிலை இல்லாதது போன்றவை காரணங்களாகலாம். முன்பு இரண்டு தீர்ப்பாயங்கள் ஒரே முடிவுக்கு வந்தாக வேண்டும். 2015-இல் போப் பிரான்சிஸ் அந்த விதியைத் தளர்த்தி, ஒரு தீர்ப்பே போதும் என்று நடைமுறையைச் சுருக்கினார்.

இந்த ஆணையைப் பெற்றவர் திருச்சபையின் பார்வையில் மறுமணத்துக்குத் தகுதி உள்ளவர். சட்டத்தின் பார்வையிலோ அவர் இன்னும் திருமணமானவர்தான். 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு கேரள வழக்கு இதற்குச் சான்று. அந்தப் பெண்ணின் முதல் திருமணத்தைத் திருச்சபைத் தீர்ப்பாயம் செல்லாது என்று அறிவித்திருந்தது. அவர் மறுமணம் செய்துகொண்டார். பின்னாளில் உறவு கசந்தபோது, முதல் கணவர் உயிரோடு இருக்கையில் நடந்த இந்த மணம் செல்லாது என்று இரண்டாம் கணவரே வழக்குத் தொடுத்தார். நீதிமன்றம் அதை ஏற்றது. விவாகரத்துச் சட்டம் வந்த பிறகு திருமணத்தை ரத்து செய்யும் அதிகாரம் நீதிமன்றத்துக்கே உரியது; திருச்சபை ஆணைக்குச் சட்ட விளைவு இல்லை என்று தீர்ப்பு சொன்னது. திருச்சபை ஆணையை நீதிமன்ற ஆணையாக அங்கீகரிக்கக் கோரிய ஒரு பொதுநல மனுவையும் 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

நீதிமன்றத்துக்குப் போகத் தயங்கியதற்கு முன்பு ஒரு காரணம் இருந்தது. 1869-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணுக்கு அநீதியாக எழுதப்பட்டிருந்தது. மனைவியின் தகாத உறவை மட்டும் நிரூபித்தால் கணவருக்கு விவாகரத்து கிடைக்கும். மனைவியோ கணவரின் தகாத உறவோடு கொடுமை, கைவிடுதல் போன்ற இன்னொன்றையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். 2001-ஆம் ஆண்டுத் திருத்தம் இதை மாற்றியது. இப்போது இருவருக்கும் ஒரே காரணங்கள்தான். 10ஏ பிரிவின்படி பரஸ்பர சம்மதத்தோடும் பிரியலாம். அதற்கு 2 ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. மற்ற மதத்தாருக்கு உள்ளதுபோல ஓராண்டே போதும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2010-இல் சொன்னது. உங்கள் மாவட்ட நீதிமன்ற நடைமுறையை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கத்தோலிக்கருக்கு ஒரு வார்த்தை. நீதிமன்ற விவாகரத்து மட்டும் இருந்தால் ஆலயத்தில் மறுமணம் நடக்காது. திருச்சபை ஆணை மட்டும் இருந்தால் மறுமணம் சட்டப்படி செல்லாது. இரண்டும் கைக்கு வந்த பிறகுதான் ஆலயத்தில் திருமண அறிவிப்பாக ஓலை வாசிக்கக் கொடுக்க வேண்டும்.

இஸ்லாமியர்கள் அறிய வேண்டியது

ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக்கை உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 22 அன்று ஷயாரா பானு வழக்கில் செல்லாதது என்று அறிவித்தது. 2019-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் குற்றமாக்கி, 3 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதித்தது. வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும், கடிதத்தில் எழுதினாலும், நேரில் சொன்னாலும் ஒன்றுதான். இப்படிச் சொல்லப்பட்ட பெண்ணின் திருமணம் அப்படியே நீடிக்கிறது. தனக்கும் தன் பிள்ளைகளுக்கும் பராமரிப்புத் தொகை கேட்க அந்தச் சட்டமே வழி செய்கிறது.

இடைவெளி விட்டு முறைப்படி சொல்லப்படும் தலாக்கைச் சட்டம் இன்னும் ஏற்கிறது. ஆனால் அதற்கும் நிபந்தனைகள் உண்டு. நியாயமான காரணம் இருக்க வேண்டும், இரு குடும்பத்தின் சார்பிலும் நடுவர்கள் வைத்துச் சமரசம் முயன்றிருக்க வேண்டும் என்று 2002-இல் ஷமீம் ஆரா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. மனைவி அந்தத் தலாக்கை மறுத்தால், அது முறைப்படி நடந்தது என்று நீதிமன்றத்தில் நிரூபித்து அறிவிப்புப் பெறுவது கணவரின் பொறுப்பு. அதுவரை திருமணம் நீடிப்பதாகவே கொள்ளப்படும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024 அக்டோபரில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் ஷரியத் கவுன்சில் ஒன்று கணவருக்குக் கொடுத்திருந்த விவாகரத்துச் சான்றிதழை நீதிமன்றம் ஏற்கவில்லை.

சான்றிதழ் கொடுப்பவர் யாராக இருந்தாலும் நிலை இதுதான். பள்ளிவாசல் வளாகங்களில் நீதிமன்றம் போல இயங்கும் ஷரியத் கவுன்சில்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 டிசம்பரில் தடை விதித்தது. வழக்கறிஞர் பதர் சயீத் தொடுத்த வழக்கில், தலைமைக் காஜி தரும் தலாக் சான்றிதழ் அவருடைய கருத்து மட்டுமே, சட்ட அதிகாரம் கொண்டதன்று என்று 2017 ஜனவரியில் சொன்னது. அரசே நியமிக்கும் காஜிக்கும் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இல்லை என்பது 1880-ஆம் ஆண்டு காஜிகள் சட்டத்திலேயே இருக்கிறது. ஃபத்வாவைப் பொறுத்தவரை, கேட்டவர் விரும்பினால் ஏற்கலாம். யார் மீதும் அதைத் திணிக்க முடியாது, திணித்தால் அது சட்டவிரோதம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, மனைவியே கேட்டுப் பெறும் விவாகரத்தான குலா பற்றி. குலா கேட்பது இஸ்லாமியப் பெண்ணின் உரிமை. அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதற்குச் சான்றிதழ் வழங்கும் அதிகாரம் தனியார் அமைப்புகளுக்குக் கிடையாது, குடும்பநல நீதிமன்றத்தை அணுக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்தது. கேரள உயர் நீதிமன்றம் 2021-இல் நீதிமன்றத்துக்கு வெளியே நடக்கும் குலாவையும் ஏற்றது. தமிழ்நாட்டில் வசிப்பவர்கள் இங்குள்ள தீர்ப்பின்படியே நடந்துகொள்வது பாதுகாப்பு. 1939-ஆம் ஆண்டு இஸ்லாமியத் திருமண முறிவுச் சட்டமும் பெண்ணுக்குக் கைகொடுக்கும். கணவர் 4 ஆண்டுகளாக எங்கிருக்கிறார் என்றே தெரியாதது, 2 ஆண்டுகள் பராமரிக்காமல் விட்டது, கொடுமைப்படுத்துவது போன்ற காரணங்களுக்காக அந்தச் சட்டத்தின்படி நீதிமன்றத்தில் விவாகரத்துப் பெறலாம். இருவரும் ஒத்துப் பிரியும் முபாராத் முறையிலும், குடும்பநல நீதிமன்றத்தில் திருமண நிலை குறித்த அறிவிப்பைப் பெற்றுவிட்டால் பின்னால் தொல்லை இல்லை.

ஜீவனாம்சம், மறுமணத்துக்கு முன் பெண் காத்திருக்கும் இத்தா காலத்தோடு முடிந்துவிடும் என்று சொல்லிப் பெண்களை அனுப்பிவிடுவது இன்னும் நடக்கிறது. 1985-இல் ஷா பானு வழக்கும், 2001-இல் டேனியல் லத்தீபி வழக்கும் கடந்து, 2024 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்து வைத்தது. மற்ற மதப் பெண்களுக்குப் பொருந்தும் பொதுவான பராமரிப்புச் சட்டம் விவாகரத்தான இஸ்லாமியப் பெண்ணுக்கும் பொருந்தும்.

ஊர்ப் பஞ்சாயத்துப் பத்திரம்

இந்துக்களிடையே பலர் செய்வது, முத்திரைத்தாளில் எங்களுக்குள் இனி எந்த உறவும் இல்லை என்று எழுதி, சாட்சிகள் கையெழுத்திட்டு, நோட்டரியிடம் முத்திரை வாங்குவது. தாலியைக் கழற்றிக் கொடுத்து அத்துவிடும் வழக்கமும் சில ஊர்களில் உண்டு. இவை எதுவும் தானாக விவாகரத்து ஆகாது. இந்துத் திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு, ஒரு சமூகத்தில் தொன்றுதொட்டு இருக்கும் வழக்காற்று விவாகரத்தைக் காப்பாற்றுகிறது என்பது உண்மை. ஆனால் அப்படியொரு வழக்கம் தம் சமூகத்தில் இடையறாமல் இருந்து வருகிறது என்று, அதைச் சொல்பவர்தான் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். பெரும்பாலோரால் அதை நிரூபிக்க முடிவதில்லை. திருமண, விவாகரத்துப் பத்திரங்களை நோட்டரிகள் எழுதித் தரக்கூடாது என்று மத்திய சட்ட அமைச்சகமும் 2024-இல் அறிவுறுத்தியிருக்கிறது.

மத வழக்கத்துக்கும் சட்டத்துக்கும் இடையே சட்டமே பாலம் போட்ட வரலாறும் தமிழ்நாட்டுக்கு உண்டு. ஐயரும் அக்கினியும் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணங்கள் நீண்ட காலம் செல்லாதவை என்று கருதப்பட்டன. அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-இல் சட்டமன்றம் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்தது. அதற்கு முன்னால் நடந்த திருமணங்களும் அதனால் சட்டத் தகுதி பெற்றன. நெஞ்சறிந்து செய்த திருமணமாக இருந்தாலும், சட்டம் கைகொடுத்த பிறகுதான் அந்தப் பெண்களின் வாரிசுரிமை உறுதியானது.

காகிதத்தை நம்பினால் வரும் ஆபத்துகள்

- முந்தைய திருமணம் சட்டப்படி முடியாமல் இந்துவோ கிறிஸ்தவரோ மறுமணம் செய்தால் அது செல்லாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-ஆவது பிரிவின்படி 7 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. முதல் திருமணத்தை மறைத்துச் செய்தால் 10 ஆண்டுகள் வரை.

- இரண்டாம் திருமணத்துக்காக மதம் மாறினாலும் தப்ப முடியாது. 1995-இல் சரளா முத்கல் வழக்கிலும் 2000-இல் லில்லி தாமஸ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது.

- செல்லாத திருமணத்தில் இருந்த பெண்ணுக்குக் குடும்ப ஓய்வூதியமும் மனைவி என்ற முறையில் வாரிசுரிமையும் கேள்விக்குறியாகிவிடும். இந்துத் திருமணச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு பிள்ளைகளைச் சட்டப்படியான பிள்ளைகளாகவே கருதுகிறது. தாய்க்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

- ஒருமுறை மொத்தமாகப் பணம் வாங்கிக்கொண்டு, இனி எதுவும் கேட்க மாட்டேன் என்று பஞ்சாயத்தில் எழுதிக்கொடுப்பது பிள்ளைகளின் உரிமையைப் பறிக்காது. ஆனால் அதைக் காட்டிப் பெண்ணை மிரட்டி வாயடைக்க முடிகிறது.

- 18 வயது ஆகாத பெண்ணின் திருமணத்தை எந்த மத விதியும் காப்பாற்றாது. 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் இஸ்லாமியர்களுக்கும் பொருந்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2015-இல் தீர்ப்பளித்தது. நடத்தி வைப்பவருக்கும் சிறைத்தண்டனை உண்டு.

மனசாட்சி எங்கே நிற்க வேண்டும்?

மதச் சட்டமும் நாட்டுச் சட்டமும் எதிரெதிரே நிற்கும்போது பக்தியுள்ள மனிதர் எதற்குக் கீழ்ப்படிவது? எப்போதும் நாட்டுச் சட்டத்துக்கே என்று சொல்லிவிட முடியாது. அரசியலமைப்பே அப்படிச் சொல்லவில்லை. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பள்ளிப் பிள்ளைகள், தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள்; ஆனால் தங்கள் நம்பிக்கையின் பொருட்டுப் பாடவில்லை. பள்ளி அவர்களை வெளியேற்றியது. 1986-இல் உச்ச நீதிமன்றம் பிள்ளைகளின் பக்கம் நின்றது. யாருக்கும் தீங்கு செய்யாத அந்த மனசாட்சிக்குச் சட்டம் வழிவிட்டது.

அந்த வழக்கிலேயே நமக்கு வேண்டிய அளவுகோல் இருக்கிறது. மத விதியைப் பின்பற்றும் சுமை என் தோளில் மட்டும் விழுந்தால் அது என் மனசாட்சியின் காரியம். நோன்பு இருப்பதும், மறுமணம் வேண்டாம் என்று இருப்பதும், கோடிப் பணம் தந்தாலும் வட்டி வாங்க மாட்டேன் என்பதும் அப்படிப்பட்டவை. அதே விதியின் சுமை இன்னொருவர் தலையில் விழும்போது, அதுவும் அவர் என்னைவிட வலுக்குறைந்த மனைவியாகவோ மகளாகவோ குழந்தையாகவோ இருக்கும்போது, என் நம்பிக்கையை மட்டும் வைத்து முடிவெடுக்க எனக்கு உரிமை இல்லை. அங்கே நாட்டுச் சட்டம் முந்த வேண்டும். மத உரிமையைத் தரும் அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவும், பொது ஒழுங்கு, ஒழுக்கம், உடல்நலம், மற்ற அடிப்படை உரிமைகள் ஆகியவற்றுக்கு உட்பட்டே அதைத் தருகிறது.

இதைச் சொல்வதால் மதங்களின் அறநெறிக்கு எந்தக் குறைவும் இல்லை. நிக்காஹ் என்பது இஸ்லாத்தில் ஓர் ஒப்பந்தம். ஒப்பந்தத்தை நிறைவேற்றுவது அங்கே கடமை. மணமகன் தரும் மஹரை மணமகளுக்கே உரிய சொத்தாக்கியது அந்த மார்க்கம். திருமண ஒப்புதல் சுதந்திரமாகத் தரப்பட வேண்டும் என்பதைத் திருச்சபை அடிப்படை விதியாக வைத்திருக்கிறது. இந்த அறங்கள் உண்மையில் காக்கப்பட, மீறுபவரிடமிருந்து வசூலிக்கும் வலிமை தேவைப்படுகிறது. ஜமாஅத்துக்கோ ஆயருக்கோ அந்த வலிமை இல்லை. நீதிமன்றத்துக்கு இருக்கிறது.

மத அமைப்புகளைத் தேடி மக்கள் போவதற்கான காரணங்களையும் நாம் மதிக்க வேண்டும். நீதிமன்றத்தில் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா கூலியை இழந்து அலைய வேண்டும். வீட்டு விஷயத்தைப் பலர் முன்னால் பேச வேண்டும். பள்ளிவாசலிலோ ஆலயத்திலோ தெரிந்த முகங்கள் பொறுமையாகக் கேட்கிறார்கள். சமரசம் பேசுவதும் மனம் ஆற்றுவதும் அவர்கள் செய்யும் பெரிய தொண்டு. சட்டம் அதைத் தடுக்கவே இல்லை. தீர்ப்பு வழங்குவதைத்தான் தடுக்கிறது.

இலங்கைத் தமிழ் பேசும் வாசகர்களுக்கு இங்கே ஒரு குறிப்பு. இலங்கையில் காதி நீதிமன்றங்கள் 1951-ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண, விவாகரத்துச் சட்டத்தால் அமைந்தவை. அங்கே காதி தரும் தீர்ப்புக்குச் சட்ட வலிமை உண்டு. ஆனால் அந்தச் சட்டப்படி ஆண்கள் மட்டுமே காதியாக முடியும். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாது. இவற்றைத் திருத்தக் கோரி அங்குள்ள முஸ்லிம் பெண்களே பல்லாண்டுகளாகப் போராடி வருகிறார்கள். மத நீதிமன்றத்துக்கு அரசு முத்திரை இருந்தாலும், பெண்ணுக்குச் சம நீதி கிடைக்கிறதா என்ற கேள்வி தீராது என்பதற்கு அந்தப் போராட்டமே சான்று.

என்ன செய்ய வேண்டும்?

1. திருமணத்தைப் பதிவு செய்யுங்கள். 2009-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் எல்லா மதத்தாருக்கும் பொருந்தும். திருமணம் நடந்த 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். தப்தர் பதிவோ ஆலயப் பதிவேடோ கோயில் ரசீதோ இருந்தாலும் இதையும் செய்யுங்கள். பிரச்சினை வரும் நாளில் திருமணத்தை நிரூபிக்கும் சுமை இதனால் நீங்கும்.

2. காகிதங்களைச் சேர்த்து வையுங்கள். திருமண அழைப்பிதழ், படங்கள், நிக்காஹ் பதிவின் நகல், ஆலயச் சான்றிதழ், மஹர் விவரம், நகை ரசீதுகள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் ஆகியவற்றின் நகல்களைப் புகுந்த வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடம் வைத்திருங்கள்.

3. சமரசம் பேசுங்கள், ஆனால் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வெற்றுத்தாளில் ஒருபோதும் போடாதீர்கள். ஒப்புக்கொண்ட ஒவ்வொன்றுக்கும் நகல் கேளுங்கள். பேச்சு முடிந்து பிரிவது என்று இருவரும் தீர்மானித்தால், அந்த ஒப்பந்தத்தோடு குடும்பநல நீதிமன்றத்தில் பரஸ்பர சம்மத மனு போடலாம். நடந்த சமரசப் பேச்சு வீணாகாது; அதுவே வழக்கைச் சுருக்கும்.

4. கைச்செலவுக்கு வழியில்லாமல் நிற்கும் பெண், விவாகரத்து முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவின்படி தனக்கும் பிள்ளைகளுக்கும் பராமரிப்புத் தொகை கேட்கலாம். இப்போது தான் வசிக்கும் ஊரிலேயே மனு போடலாம். இடைக்காலத் தொகை கேட்கும் மனுவைக் கூடியவரை 60 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம்.

5. அடி, மிரட்டல், வீட்டை விட்டுத் துரத்துதல் இருந்தால் 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லா மதப் பெண்களுக்கும் உண்டு. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுக்கலாம். வீடு யார் பெயரில் இருந்தாலும், அங்கே குடியிருக்கும் உரிமையைக் கேட்க அந்தச் சட்டம் வழி தருகிறது.

6. வழக்கறிஞருக்குப் பணமில்லை என்று தயங்காதீர்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி கிடைக்கும். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். தொலைபேசி எண் 15100. பெண்களுக்கான உதவி எண் 181. குழந்தைகளுக்கு 1098.

ஊர்விலக்கு என்று மிரட்டினால்

நீதிமன்றத்துக்குப் போனால் ஊரை விட்டு ஒதுக்குவோம், சுடுகாட்டில் இடம் தர மாட்டோம், வீட்டு விசேஷத்துக்கு யாரும் வரமாட்டார்கள் என்று மிரட்டுவது சில இடங்களில் நடக்கிறது. மத ஒழுங்கை மீறியவரைச் சமயச் சடங்குகளிலிருந்து விலக்கும் உரிமை ஒரு மதப் பிரிவுக்கு உண்டா என்பது உச்ச நீதிமன்றத்தில் இன்னும் தீராத கேள்வி. 1962-இல் தாவூதி போரா வழக்கில் அந்த உரிமையை நீதிமன்றம் ஏற்றது. அந்தத் தீர்ப்பை மறுபரிசீலனை செய்யும் கேள்வி 2023-இல் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வின் பார்வைக்கு அனுப்பப்பட்டது. ஆனால் அபராதம் பிடுங்குவது, மிரட்டுவது, வழிபாட்டுக்குச் சம்பந்தமில்லாத அன்றாட வாழ்வை முடக்குவது எல்லாம் வேறு. மிரட்டுவதும் மிரட்டிப் பணம் பறிப்பதும் குற்றங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். கட்டப்பஞ்சாயத்துகள் முழுக்கச் சட்டவிரோதமானவை என்று 2011-இல் தமிழ்நாட்டு வழக்கொன்றில்தான் உச்ச நீதிமன்றம் சொன்னது. வயது வந்த இருவர் விரும்பிச் செய்யும் திருமணத்தில் எந்தக் கூட்டமும் தலையிட முடியாது என்று 2018-இல் சக்தி வாஹினி வழக்கில் தீர்ப்பளித்து, மிரட்டலுக்கு ஆளாகும் இணையருக்குப் பாதுகாப்பு இல்லங்கள் அமைக்கவும் வழிகாட்டியது.

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

ஜமாஅத் நிர்வாகிகளே, பங்குத்தந்தையரே, ஊர்ப் பெரியவர்களே, உங்களிடம் வருபவர்கள் உங்களை நம்பித்தான் வருகிறார்கள். நீங்கள் எழுதித் தரும் காகிதத்தைச் சட்டத் தீர்ப்பு என்று அவர்கள் நினைத்துக்கொண்டு போகிறார்கள். அந்த எண்ணத்தை அன்றே திருத்துவது உங்களால் மட்டுமே முடியும். ஒவ்வொரு கடிதத்தின் கீழும், 'இது சட்டப்படியான விவாகரத்து ஆகாது. நீதிமன்ற ஆணை பெற்ற பிறகே மறுமணம் செய்ய வேண்டும்' என்று ஒரு வரி அச்சிடுங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண்ணை அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள். மறுமணத்துக்குப் பெயர் கொடுக்க வருபவரிடம் நீதிமன்ற ஆணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பெண்ணின் கருத்தை அவளுடைய அண்ணனோ அப்பாவோ சொல்லக் கேட்காமல், அவளைத் தனியே உட்காரவைத்து அவள் வாயாலேயே கேளுங்கள்.

விசுவாசத்தோடு வாழ்பவர் நாட்டுச் சட்டத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. தன் கடமையிலிருந்து நழுவப் பார்ப்பவருக்குத்தான் அது இடைஞ்சல். உங்கள் வீட்டிலோ உறவிலோ காகிதத்தில் மட்டும் தீர்த்துக்கொண்ட திருமணம் ஏதும் இருந்தால், மறுமணத்துக்கு நாள் குறிக்கும் முன் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போய்க் கேளுங்கள். கேட்பதற்குக் கட்டணம் கிடையாது. கேட்காமல் விட்டதற்கான விலையை உங்கள் பிள்ளைகள் கொடுக்க நேரலாம்.